முதலில் தண்ணீர், பிறகு மீன்

(உறையூரில் ஒரு வாசகசாலையின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மீனைப் பற்றிப் பேசுவதற்கு உறையூரைப் போலப் பொருத்தமற்ற ஊர் வேறில்லை என்று, இங்கே வரும் வழியில் என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். கொடியிலே மீனைப் பொறித்தவன் மதுரைப் பாண்டியன். இவ்வூரில் இருந்து அரசாண்ட சோழனோ புலியைப் பொறித்தவன். ஆகவே மீன் விஷயமாக எதையும் கேட்க விரும்புகிறவர்கள் வைகைக் கரைக்குப் போகவேண்டுமே ஒழியக் காவிரிக் கரைக்கு வரலாகாது என்பது அவருடைய வாதம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புலியை வீட்டில் வைத்து வளர்க்க முடியாதே! இன்னொரு சங்கடமும் உண்டு. 'மீன் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று வாசலில் எழுதியிருக்கும் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, குழுமணி சாலை மீன் அங்காடியில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும் சாமர்த்தியத்தைச் சொல்லித் தரப்போகிறேன் என்று எண்ணி வந்தவர்கள் இரண்டொருவர் இருக்கக்கூடும். அவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். நான் சொல்ல வந்தது கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு இருக்கவேண்டிய மீன்களைப் பற்றி.

அதிலும் சிறிய தொட்டியைப் பற்றி மாத்திரமே பேசப் போகிறேன். நடுத்தர வசதியுள்ள குடும்பத்துக் கூடத்திலே, தொலைக்காட்சிப் பெட்டிக்கும் சுவாமி படத்துக்கும் நடுவே கிடைக்கக்கூடிய இடத்திற்கு, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியே பெரும்பாலும் பொருந்துகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு கன அடி, அதாவது சுமார் 57 லிட்டர். அடியில் பரப்பும் கூழாங்கல் பிடிக்கும் இடத்தையும், மேலே விடவேண்டிய இரண்டு விரற்கடை வெளியையும் கழித்துவிட்டால் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கிணற்றடியில் ஒருவர் குளிப்பதற்கு இறைத்துக்கொள்ளும் தண்ணீரைக் காட்டிலும் அது அதிகமில்லை. அந்த அளவு ஜலத்திற்குள் சில ஜீவன்கள் உண்டு, உறங்கி, கழித்து, சண்டையிட்டு, சந்ததி பெருக்கி, ஆயுள் முழுவதையும் நடத்தவேண்டும் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், இனி நான் சொல்லப்போவதில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

கண்ணாடிக்குள் நீர்வாழ் உயிர்களை வைத்துப் பார்க்கும் இந்தக் கலை நம்மில் பலர் நினைப்பதுபோல் மிகப் பழமையானதன்று. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு மாளிகை திறந்தது 1853-ல். பிலிப் காஸ் என்னும் இயற்கை நூலாசிரியர் 'அக்வேரியம்' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதி அந்தச் சொல்லை உலகுக்குப் பழக்கியது 1854-ல். இந்தியாவில் இதற்கு முதன்முதலாக இடம் தந்த பெருமை நம் சென்னைக்கு உரியது; அங்கே அரசாங்க அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களின் முயற்சியினால் 1909-ல் கடற்கரையில் மீன்காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் மூடப்படும்வரை பட்டணத்து அதிசயங்களில் ஒன்றாக விளங்கிற்று. என் தகப்பனார் சிறுவனாக இருக்கையில் அதைப் பார்த்தவர். உயர்நீதிமன்றத்தையும் கலங்கரை விளக்கத்தையும் மறந்துபோன வயதிலும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தம்மை ஒரு மீன் திரும்பிப் பார்த்ததை அவர் மறக்கவில்லை.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு ஒன்பது வயதில் மீன் பைத்தியம் பிடித்ததில் வியப்பில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் வற்றுகிற பருவத்தில், துண்டை இருபுறமும் பிடித்துக்கொண்டு நானும் என் தமையனாரும் குஞ்சு மீன்களை வாரி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்தோம். இரவு அம்மா கொடுத்த சோற்றுப் பருக்கைகளைத் தாராளமாக உள்ளே இட்டோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் கஞ்சிபோல் வெளுத்திருந்தது; பதினொரு மீன்களும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைக் கொண்டுபோய் வாழைமரத்தடியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அந்தப் பதினொன்றும் ஏன் செத்தன என்பதை நான் விலங்கியல் படித்த பிறகுதான் அறிந்தேன். பிற்பாடு நாற்பது ஆண்டு காலம் பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தை நடத்தியபோதெல்லாம், கரும்பலகையில் படம் போடும் சமயத்தில் அந்தப் பாட்டில் என் கண்முன் வந்துபோகும்.

மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியா என்னும் நஞ்சைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனியும் அதையே செய்கிறது. ஆற்றிலே இது தெரிவதில்லை, ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியிலோ அந்த நஞ்சை உண்டு நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள், கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகினாலன்றி மீனுக்கு வாழ்வில்லை. அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. ஆகையால் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறவர் எந்த ஜாதி மீனைத் தேர்ந்தெடுத்தாலும் தவறாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நுண்ணுயிர்களுக்கு உணவாகத் தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு ஒரு மாத காலம் காத்திருக்கவேண்டும். தண்ணீரை மாத்திரம் கொண்ட தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து 'மீன் எங்கே தாத்தா?' என்று கேட்கும் பேரக்குழந்தையைச் சமாளிப்பதற்கு விஞ்ஞானம் இன்னும் உபாயம் கண்டுபிடிக்கவில்லை.

இந்த ஒரு மாதத்தை வீணாக்காமல், உங்கள் வீட்டுத் தண்ணீரின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வரன் பார்க்கிறவர்கள் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே வெளியே புறப்படுகிறார்கள்? இவ்வூரில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் காவிரி மணலிலிருந்து எடுத்து மாநகராட்சி அனுப்பும் தண்ணீர். மற்றதில் போர் தண்ணீர். போர் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக ஒரு படலம் கையில் தட்டுப்பட்டால், அந்தத் தண்ணீரில் சுண்ணச்சத்து மிகுதி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பருப்புக்கு ஆகாத அந்தத் தண்ணீரே சில மீன்களுக்குப் பரம சௌகரியம் என்பதுதான் வேடிக்கை. மாநகராட்சித் தண்ணீருக்கு வேறொரு தோஷம் இருக்கிறது: நம்முடைய க்ஷேமத்திற்காக அதில் கலக்கும் குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். வாயகன்ற அண்டாவில் பிடித்து ஒரு பகல் ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்; அவசரமென்றால் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சொட்டு மருந்தை விடலாம். முன்காலத்தில் புகைப்படக்காரர்கள் உபயோகித்த ஹைப்போவும் அதே வேலையைச் செய்யும்.

இனிக் கடைக்குப் போவோம். அங்கே முதலில் மறக்கக்கூடாத விஷயம், நீங்கள் காண்பது மீனன்று, மீன்குஞ்சு என்பது. கோழிக்குஞ்சைப் பார்த்துக் கூண்டு வாங்குகிறவர்கள் எவரும் இல்லை. ஆனால் மீன் விஷயத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். எனக்கே இது நேர்ந்தது. ஓய்வு பெற்ற புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், வெள்ளியில் வார்த்தாற்போன்ற இரண்டங்குல மீன்கள் நான்கைக் காட்டி, 'ஷார்க் சார், ஒரு தொந்தரவும் கிடையாது' என்றார் கடைக்காரர். விலங்கியல் ஆசிரியனாகிய நான், அது சுறாவே அன்று, தாய்லாந்து, வியட்நாம் பக்கத்துப் பேராறுகளில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் பங்காசியஸ் கெளுத்தி என்பதை வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிய பிறகே கண்டேன். எட்டு மாதத்தில் அவை தொட்டியில் திரும்ப இடமின்றி மூக்கைக் கண்ணாடியில் மோதிப் புண்ணாக்கிக்கொண்டன. 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீனும் இப்படிப்பட்டதே. பாசியைத் தின்னும் என்று வாங்கி விடுகிறோம், அது ஒன்றரை அடி வரை வளர்ந்து, தின்பதைக் காட்டிலும் அதிகமாக அசுத்தம் செய்கிறது. தொட்டிக்கு ஏற்ற அளவோடு மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அசுத்த நீரில் உடம்பு குன்றிப்போவதை அடக்கம் என்று எண்ணி மெச்சுவது போன்ற நம்பிக்கை அது. வாஸ்துவுக்காக வாங்கும் அரவானாவையும் ஃபிளவர்ஹார்னையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரண்டடித் தொட்டியில் அரவானாவை அடைத்தால் வீட்டுக்கு வரும் அதிர்ஷ்டம் எதுவாக இருந்தாலும், மீனுக்கு வருவது துரதிர்ஷ்டமே.

தங்கமீன் என்றால் குழந்தைகளுக்கு உயிர். சீன தேசத்தார் பல நூற்றாண்டுகள் பக்குவப்படுத்திய அழகு அது; இகழ்வதற்கில்லை. ஆனால் நன்றாக வைத்துக்கொண்டால் அரையடிக்கு மேல் வளர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய ஜீவன். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் ஒன்று 43 வயது வரை இருந்து 1999-ல் இறந்தது. நம் வீடுகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் அது 43 நாள் இருந்தால் பெரிய காரியம். ரோமாபுரி நகரத்தார் 2005-ல் உருண்டைக் கிண்ணங்களில் மீன் வைப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டம் இல்லாமலே நாம் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். போர் தண்ணீரைத் தவிர வேறில்லை என்கிற வீட்டாருக்கு என் பதில் கப்பி. டிரினிடாட் தீவில் வாழ்ந்த ராபர்ட் கப்பி என்பவர் லண்டனுக்கு அனுப்பிய மீன் அவருடைய பெயரையே பெற்றது 1866-ல். இதுவும் மோலி, பிளாட்டி என்ற அதன் உறவினங்களும் உப்பும் சுண்ணமும் கலந்த தண்ணீரில் உற்சாகமாக இருப்பவை. முட்டையிடாமல் குட்டி போடுகிறவை. மாதந்தோறும் இருபது முப்பது குட்டி என்ற கணக்கில் சம்சாரம் பெருகிவிடும் என்பதால், வர்ணம் மிகுந்த ஆண் மீன்களை மாத்திரம் ஆறு அல்லது எட்டு வாங்கிவிடுவது விவேகம். காவிரித் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு, இலங்கையின் தென்மேற்குக் காட்டோடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப் என்னும் சிவந்த கெண்டையைச் சொல்வேன். இரண்டங்குலத்திற்கு மேல் வளராது, பிறரை வம்புக்கு இழுக்காது, செடி மறைவில் நிழலாடிக்கொண்டிருக்கும். 1929-ல் அதை உலகுக்கு அறிவித்தவர் தெரணியகல என்ற இலங்கை அறிஞர். வரிக்குதிரைபோல் நீலக்கோடு போட்ட ஜீப்ரா மீன் இன்னும் எளியது. நம் நாட்டு ஓடைகளுக்கே உரியது. 1822-ல் ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் வருகிறது. உலகத்துப் பரிசோதனைச் சாலைகளிலெல்லாம் இன்று ஆயிரக்கணக்கில் வளர்க்கிறார்கள் என்றால் அதன் பொறுமைக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஒன்று மட்டும்: துள்ளும். திறந்த வெளியில் வீற்றிருக்கும் நம் வெக்காளியம்மனுக்குக் கூரை வேண்டாம். ஜீப்ரா இருக்கும் தொட்டிக்கு மூடி அவசியம் வேண்டும். இவை கூட்டமாக வாழும் சுபாவமுடையவை ஆகையால் ஆறுக்குக் குறைத்து வாங்கலாகாது. அழகுக்கு ஒன்று, ஜோடிக்கு ஒன்று என்று வகைக்கு இரண்டாக எட்டு வகை வாங்கி வைக்கும் வீடுகளில் மீன்கள் எல்லாம் மூலைக்கு ஒன்றாகப் பதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டைகர் பார்ப் என்னும் வரிக்கெண்டைக்கு மட்டும் துணை சேர்ப்பதில் எச்சரிக்கை தேவை. நீண்ட துடுப்புள்ள மீன் எதைக் கண்டாலும் அதன் வஸ்திரத்தைக் கடித்துக் கிழிப்பது அதற்கு விளையாட்டு.

காவிரியின் சொந்தப் பிள்ளை ஒன்றைச் சொல்லாமல் போனால் இவ்வூரார் என்னை விடமாட்டீர்கள். ஜெர்டான் என்ற ஆங்கில மருத்துவர் 1849-ல் வர்ணித்த அரூலியஸ் பார்ப், மயில்கழுத்து நிறம் மின்ன, முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீண்டு, பார்க்கப் பட்டுச்சேலை முந்தானை போலிருக்கும். ஆயினும் நாலைந்து அங்குலம் வளர்ந்து, ஓடியாட நெடுந்தூரம் கேட்கும். இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. ஊர்ப்பற்று வேறு, இடவசதி வேறு.

அதற்குப் பதிலாக, தென்னிந்தியக் கழிமுகங்களிலும் குளங்களிலும் வாழ்கிற ஆரஞ்சு குரோமைட் ஜோடி ஒன்றைத் தனித் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். உப்புக் கலந்த தண்ணீரும் அதற்குச் சம்மதம், மூன்றங்குலத்தோடு நின்றுவிடும். பெர்லின் வைத்தியர் ப்ளாக் 1795-ல் பெயரிட்ட மீன். என் வீட்டில் ஒரு ஜோடி, கவிழ்த்து வைத்த பூந்தொட்டி ஓட்டின் மேல் முட்டையிட்டது. இரண்டும் மாறி மாறி நின்று துடுப்பால் விசிறின. வெளுத்துப்போன முட்டைகளை வாயால் எடுத்து அப்புறப்படுத்தின. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகு நான் கண்ட காட்சிதான் ஆச்சரியம். கண்ணிமைபோன்ற அந்தச் சிறு உயிர்கள் தாய் தகப்பனின் விலாவில் வந்து மோதி மோதித் திரும்பின. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெற்றோரின் தோல்மேல் சுரக்கும் வழவழப்பை அவை கொத்தித் தின்றுகொண்டிருந்தன. பெரியவை இரண்டும் அசையாமல் இடங்கொடுத்து நின்றன. அன்றைக்கு என் மனைவி மூன்று முறை கூப்பிட்டும் நான் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

இவ்வூரின் கோடையைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் வெயில் நூற்று நான்கு, ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஏறும்போது தொட்டித் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏந்தும். 30 டிகிரியில் ஏழரைதான் ஏந்தும். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். வரவு குறைந்து செலவு ஏறுகிற குடும்பம்போல ஆகிவிடுகிறது. குளிர்ந்த நீரையே விரும்பும் தங்கமீன் இவ்வூரில் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மே மாத இரவில் மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓய்ந்துவிட, என் தொட்டி மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சமையலறையிலிருந்து டவராவையும் டம்ளரையும் கொண்டுவந்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு, காப்பி ஆற்றுவதுபோல் உயரத் தூக்கி உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

அந்த இரவில் என் டம்ளரை எதிர்பாராமல் நிம்மதியாக இருந்த மீன் ஒன்று உண்டு. சயாம் தேசத்து ஃபைட்டர். தலைக்குள் இருக்கும் விசேஷ உறுப்பினால் அது வெளிக் காற்றையே உறிஞ்சிச் சுவாசிக்கும். ஓரடித் தொட்டிக்குமேல் இடமில்லாதவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான மீன் இல்லை. ஆனால் ஒன்றே ஒன்று. இரண்டு ஆண்களைச் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சும். கடையில் அதைச் சிறு டப்பாவில் வைத்திருப்பதைப் பார்த்து, வீட்டிலும் டப்பாவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இதே குலத்தில் நம் வயல் வாய்க்கால்களிலேயே ஒரு சிறுமீன் இருக்கிறது. சாஸ்திரப் பெயர் கூபானஸ். புதுச்சேரிக்கு அருகே உள்ள அரியாங்குப்பத்து ஆற்றில் பிடித்து அனுப்பியதற்கு, அந்த ஊர்ப் பெயரின் வாலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர்கள் 1831-ல் இட்ட பெயர் அது. வாயால் காற்றுக் குமிழிகளை ஊதிக் கூடு கட்டும். அலங்காரம் குறைவு, அடக்கம் அதிகம். கடையில் அருமையாகத்தான் அகப்படும். இந்த உறவில் பெரியண்ணனாகிய பனையேறிக் கெண்டையை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 1791-ல் தரங்கம்பாடியில் பனைமரத்தின்மேல் அதைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனியப் படையதிகாரி லண்டன் விஞ்ஞான சபை ஒன்றுக்கு எழுதினார். மரம் ஏறிற்றோ இல்லையோ, தொட்டியை விட்டு இறங்கிக் கூடத்தில் நடக்கும் என்பதில் சந்தேகமில்லை.

அமேசான் காட்டு நியான் டெட்ரா அழகில் ஈடற்றது. மென்மையான, புளிப்புச் சார்ந்த நீருக்குப் பழகிய அதை நம் போர் தண்ணீரில் விடுவது, ஊட்டி ரோஜாவைத் திருச்சி மொட்டைமாடியில் நடுவதற்குச் சமம். ஆசையை அடக்க முடியாதவர்கள் ஒரு வருஷ அனுபவத்திற்குப் பிறகு முயலலாம்.

தீனி விஷயத்தில், தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்று பழகிய நம் கை, வீட்டுத் தொட்டியிலும் தாராளம் காட்டிவிடுகிறது. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு ஒரு வேளை. அதற்குமேல் போட்டால் ஹார்லிக்ஸ் பாட்டில் கதைதான். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீர் துளசி மாடத்துக்கு நல்ல உரம். அலுத்துப்போன மீனை உய்யக்கொண்டானிலோ குடமுருட்டியிலோ கொண்டு விடுவதைத் தருமம் என்று எண்ணாதீர்கள். அப்படி விட்ட சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டுமீனின் முட்டையைத் தின்று, மீனவர்களின் வயிற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாமென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

நேரம் எட்டாகப் போகிறது. குழந்தைகள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். வருகிற ஞாயிறு மாலை இதே இடத்தில், தண்ணீரின் கடினத்தைச் சோதிக்கும் காகிதப் பட்டைகளோடு உட்கார்ந்திருப்பேன். மீன் வளர்க்க எண்ணமுள்ளவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஆளுக்கு அரை பாட்டில் கொண்டு வாருங்கள். பாட்டிலின்மேல் எந்தத் தெரு, போர் தண்ணீரா, காவிரியா என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சென்ற முறை ஒருவர் ஒட்டாமல் வைத்துவிட்டுப் போக, மற்றொருவர் அதைக் குடித்துவிட்டார்.